யாரைக் கேட்டு அழுகிறது

9-7-61, ஞாயிறு

விடிந்ததிலிருந்து சாரல். குற்றாலம் மெயினருவியில் கூட்டம் சொல்லி மாளாது. மைக் இரண்டு தடவை மக்கர். பாட்டரிக்கு எழுத வேண்டும். குடைக்கம்பி ஒன்று போச்சு.

சீசன் முடிகிற வரை எனக்குத் தகரக் கொட்டகைதான் ஆபீஸ். காணாமல் போன பிள்ளைகளை மைக்கில் சொல்ல வேண்டும், கிடைத்ததை உரியவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். இது மூன்றாவது வருடம். இன்று தொலைந்தவை ஒன்பது, கிடைத்தவை ஒன்பது.

இந்தத் தகப்பன்மார்களைப் போல மடையர்களை நான் பார்த்ததில்லை. இன்று ஒருத்தர், ஜரிகை வேட்டி, கையில் தங்கக் கடியாரம். பையனுக்கு என்ன வயசு என்றேன். "அஞ்சு, ஆறு இருக்கும்." என்ன சட்டை? "கட்டம் போட்டது. இல்ல, கோடு போட்டதோ?" உடம்பில் அடையாளம்? முழிக்கிறார். "உம்ம மாடு தொலைஞ்சா கொம்பு, சுழி, வால் நீளமெல்லாம் சொல்லுவீருல்லா? பெத்த பிள்ளைக்குச் சட்டை தெரியலையே வே" என்று கேட்டேன். முகம் கறுத்துவிட்டது. கறுக்கட்டும். பின்னாலேயே தாய் ஈரச்சேலையோடு ஓடி வந்தாள். கட்டம் போட்ட சட்டை, மூன்றாவது பொத்தான் கிடையாது, வலது காதுக்குப் பின்னால் மச்சம், கீழ்ப்பல் ஒன்று ஆடுகிறது. மூச்சு விடாமல் சொன்னாள்.

ரிஜிஸ்டரில் நானாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன், 'யாரைக் கேட்டு அழுகிறது' என்று. மேலதிகாரி பார்த்துச் சிரித்தார். ஆனால் உபயோகம் உண்டு. பேர், ஊர் சொல்லத் தெரியாத பிள்ளை சித்தியைக் கேட்டு அழுதால் சித்தியைத் தேடலாம். இன்று அம்மா ஆறு, ஆச்சி இரண்டு, அக்கா ஒன்று. அப்பா ஒன்றுமில்லை. போன சீசன் முழுக்கவே இரண்டோ மூன்றோதான்.

இன்னொரு விதியும் என்னுடையதுதான். பிள்ளை தன் வாயால் 'இவங்க எங்க இன்னார்' என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் ஒப்படைப்பு. கலெக்டரே வந்தாலும் அதுதான்.

வீட்டுக்கு மங்குஸ்தான் அரை டஜன். தம்பி மனைவி செண்பகம் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தாள்.

12-7-61, புதன்

வெயிலும் சாரலும் மாறி மாறி. செருப்பு வார் தைக்கக் கொடுத்தேன். எட்டரை பஸ் தவறிவிட்டது.

அப்பாவுக்கு இலத்தூரிலிருந்து காகிதம். எழுதியது மைத்துனன் சங்கரலிங்கம், என் மனைவி லட்சுமியின் தம்பி. லட்சுமி போய்ப் புரட்டாசியோடு இரண்டு வருடம். சங்கரலிங்கத்துக்குக் கல்யாணமாகி எட்டு வருடமாகிறது, பிள்ளை கிடையாது. என் மகள் கோமதியைத் தாங்களே வைத்து வளர்க்கிறோம் என்கிறான்.

அப்பா ஈசிச்சேரில் சாய்ந்தபடியே, "எலே, ஆவணி பொறந்ததும் அனுப்பிருவோம். செண்பகத்துக்கு இது ஏழாம் மாசம். அவளும் எத்தனையைத்தான் பாப்பா? பிள்ளை அங்கன நல்லா இருக்கும்" என்றார்.

"சரிப்பா."

அவ்வளவுதான் சொன்னேன். என் பிள்ளை விஷயம். ஆறு வயதுப் பிள்ளை. முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை நான், ஒரு "சரிப்பா". பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

13-7-61, வியாழன்

சாரல் இல்லை. ஆபீஸில் வேலை ஓடவில்லை.

எங்கள் வீட்டு வழக்கம் இது. பெரியவர் முன்னால் சொந்தப் பிள்ளையைத் தூக்குவது, மடியில் வைப்பது, கொஞ்சுவது எல்லாம் வெட்கங்கெட்ட காரியம். அடுத்தவன் பிள்ளை என்றால் தோஷமில்லை. தம்பி பிள்ளைகள் இரண்டும் என் தோளில் ஏறி வளர்ந்தவை. கோமதியைத் தம்பி தூக்குவான். நான் தூக்கினதில்லை.

தூக்கினேன், ஒரே ஒரு தடவை. பிறந்து நாற்பது நாள். லட்சுமி சிரித்துக்கொண்டே மடியில் வைத்தாள். வாசலில் அப்பா கனைக்கிற சத்தம். சுடுசட்டியைப் போட்டது போலப் பாயில் போட்டேன். பிள்ளை வீலென்று கத்தியது. அன்று லட்சுமி கேட்டாள்: "ஏன் இப்படிப் பதறுதிய? களவாண்ட பிள்ளையா இது?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

கோமதி என்னை அப்பா என்று கூப்பிட்டதும் கிடையாது. தம்பி என்னை அண்ணாச்சி என்பான், அதைக் கேட்டு அதுவும் அண்ணாச்சி. நாங்கள் எல்லோரும் அப்பா என்பது தாத்தாவை, ஆகவே அதற்கும் தாத்தாதான் அப்பா. லட்சுமி இருந்தபோது திருத்தப் பார்த்தாள். எனக்கு அப்போது கூச்சமாக இருந்தது, விடேன் என்றேன். சௌகரியமாகவும் இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

23-7-61, ஞாயிறு

தண்ணீர் அதிகம், அருவிக்கரையில் கயிறு கட்டிவிட்டார்கள். பிள்ளைகள் பதினொன்று. ஒரு பையன் எங்கள் கொட்டகையிலேயே தூங்கிவிட்டான், தகப்பன் வந்து எழுப்பியும் எழுந்திருக்கவில்லை.

ஆவணிக்கு இன்னும் மூன்று ஞாயிறு. அடுத்த ஞாயிறு கோமதியை வேலைக்குக் கூட்டிப்போனால் என்ன? அப்பா என்ன சொல்வாரோ. செண்பகத்தை விட்டுக் கேட்கச் சொன்னேன். சங்கரலிங்கமும் அன்று குளிக்க வருகிறானாம், மாமனைப் பார்த்த மாதிரி இருக்கும் என்று சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டாள். கெட்டிக்காரி.

30-7-61, ஞாயிறு

நல்ல சாரல். எழுத்து கோணல்.

காலை எட்டரை பஸ். கோமதி ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். என்ன பேசுவது என்று தெரியவில்லை. "பள்ளிக்கூடம் எப்படி இருக்கு?" என்றேன். "நல்லா இருக்கு அண்ணாச்சி." அதோடு சரி. குற்றாலம் வந்துவிட்டது.

கொட்டகையில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். பத்து மணிக்கு ஒருத்தர் மகளைக் காணோம் என்று வந்தார், கிராமத்து ஆள். பாவாடையா கவுனா என்றுகூடத் தெரியவில்லை. பிடித்துக்கொண்டேன். மாடு, கொம்பு, சுழி, அதே வசனம். வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு குஷி, மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று. முடித்துத் திரும்பினால் ஸ்டூல் காலி.

பின்னால் பார்த்தேன். கடைகள் பக்கம் ஓடினேன். எண்ணெய் தேய்க்கிற ஆள்களிடம் கேட்டேன். இல்லை. அருவி சத்தம் அப்படியொரு சத்தம். கயிற்றைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன். திரும்ப ஓடிவந்து மைக்கை எடுத்தேன்.

"கோமதி. வயது ஆறு. தென்காசி. உடுத்தியிருப்பது..."

நின்றுவிட்டது. எனக்குத் தெரியவில்லை. இருபது நிமிஷம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன். மைக் திறந்தே இருக்கிறது, குற்றாலம் முழுக்க என் மூச்சு கேட்டிருக்கும். "பச்சைப் பாவாடை" என்றேன். அடையாளம்? ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. அந்தக் கிராமத்து ஆள் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

முக்கால் மணி நேரம். பிறகு வெளியூரிலிருந்து சீசனுக்கு வந்திருந்த ஏட்டு ஒருவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். ஊதாப் பாவாடை, மஞ்சள் சட்டை. "பச்சைப் பாவாடையத் தேடுதிய, இது அப்பவே பழக்கடைக்கிட்ட நிக்கி. அழவும் இல்ல" என்றார்.

கிட்டே போனேன். ஏட்டு மறித்தார்.

"இவங்க யாரு பாப்பா?"

"அண்ணாச்சி."

"அண்ணாச்சியா? உங்கப்பா எங்க?"

"தென்காசில, ஈசிச்சேர்ல இருக்காங்க."

ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான்தான்யா அப்பன்" என்றேன். "பிள்ளை சொல்லலையே வே. வாயால சொல்லணும்னு போர்டுல எழுதிப் போட்டது நீருதானே?"

போர்டு என் கையெழுத்து.

மைக்கில் பேர் கேட்டு அந்த நேரத்தில் சங்கரலிங்கம் சொட்டச் சொட்ட ஓடி வந்தான். "மாமா!" என்று பாய்ந்து அவன் ஈர வேட்டியைக் கட்டிக்கொண்டாள். "யாரு பாப்பா?" "எங்க மாமா." ஏட்டு ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். வரிசை எண் ஏழு. ஒப்படைக்கப்பட்டவர்: சங்கரலிங்கம். உறவு: தாய்மாமன். என் பேனா, என் எழுத்து. யாரைக் கேட்டு அழுகிறது என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

31-7-61, திங்கள்

லீவு. தலைவலி என்று சொன்னேன்.

செண்பகம் கேட்டாள்: "பச்சைப் பாவாடைன்னா சொன்னிய அத்தான்? அது அக்கா இருக்கும்போது தச்சது. கட்டை ஆகிப்போயி, என் மகளுக்குப் போட்டுக் கிழிச்சாச்சே."

அப்படியானால் நான் என் பிள்ளையைக் கடைசியாகக் கண் திறந்து பார்த்தது லட்சுமி உயிரோடு இருந்தபோது.

4-8-61, வெள்ளி

மூட்டம். மழை இல்லை. வேலை முடிந்து நேரே வீடு. அப்பா கோயிலுக்குப் போயிருந்த நேரம். இந்த வாரம் தெரிந்துகொண்டவை:

இடது புருவத்தில் சின்ன வெட்டுத் தழும்பு. (அம்மிக்கல்லில் விழுந்ததாம். எப்போது? செண்பகத்துக்கும் நினைவில்லை.)
வலது உள்ளங்கையில் மச்சம்.
வாழைப்பழம் ஆகாது. மங்குஸ்தானும் ஆகாது. மூன்று வருடமாக வாங்கி வந்துகொண்டிருக்கிறேன், ஒரு தடவையும் தின்றதில்லையாம்.
இடது கையால் எழுதுகிறாள், டீச்சர் அடிக்கிறாள்.
இடிச் சத்தத்துக்குப் பயமில்லை. பல்லிக்குப் பயம்.
மேல்பல் ஒன்று விழுந்து இடைவெளி.

இவ்வளவு இருக்கிறது. ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

6-8-61, ஞாயிறு

கூட்டம் குறைவு. தகப்பன்மார் யாரையும் திட்டவில்லை.

சாயங்காலம் வீட்டு முற்றத்தில் கோமதி ஒரு டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தாள். "கவனிக்கவும், கவனிக்கவும். நீலச்சட்டை போட்ட பொம்மை ஒன்று நம் கொட்டகையில் இருக்கிறது. உரியவர் உடனே வரவும்." என் குரல், என் இழுவை, அச்சு அசல். வேலையைப் பற்றி நான் தம்பியிடம் சொன்னதையெல்லாம் எங்கோ மூலையில் இருந்து கேட்டிருக்கிறாள்.

சிரிப்பும் வந்தது, என்னமோ செய்தது. பக்கத்தில் போய்க் குத்த வைத்து உட்கார்ந்தேன். "பொம்மை யாரைக் கேட்டு அழுது?"

"யாரையும் கேட்டு அழலை. அது சமத்து."

"அழலைன்னா யாரைத் தேடுதது?"

கொஞ்சம் யோசித்தாள். "தேட வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கும்."

தொட நினைத்தேன், தலையைத் தடவ. வாசலில் அப்பாவின் தடிச் சத்தம். எழுந்துவிட்டேன். எழுந்தேனே, சவத்து மூதி. ஏன் எழுந்தேன்?

10-8-61, வியாழன்

டி.சி. வாங்கப் பள்ளிக்கூடம். டீச்சர்: "கோமதிக்கு நீங்க யாரு?" ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் இதைக் கேட்கிறார்கள். இடது கையால் எழுதினால் அடிக்க வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இனி எதற்கு என்று திரும்பிவிட்டேன்.

13-8-61, ஞாயிறு

காலையில் வேலைக்குப் போகுமுன் அப்பாவிடம் கேட்டேவிட்டேன். நின்றுகொண்டுதான் கேட்டேன்.

"பிள்ளை இங்கனயே இருக்கட்டும்ப்பா. நான் பாத்துக்குதேன்."

அப்பா பேப்பரை மடித்தார். கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாத முகம். "நீயா? என்ன பாப்பே? சடை பின்னி விடுவியா? காய்ச்சல்னா மடியில போட்டுக்கிடுவியா? ஆம்பிளை செய்யுத வேலையாலே இது? உன்னை நான் என்னைக்காவது தூக்கியிருக்கேனா? நீ ஆளாகலையா?"

ஆகலைப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. அவர் என்னைத் தொட்டதாக எனக்கு நினைவில் இருப்பது ஒரே ஒரு தடவை, அம்மை போட்டுக் கிடந்தபோது நெற்றியில் புறங்கையை வைத்தார். முப்பது வருடமாக அந்த இடம் எதுவென்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்குமோ என்னவோ.

"சரி, பிள்ளையையே கேளு. இருக்கேன்னா இருக்கட்டும்" என்றார். நியாயமான பேச்சு. கோமதியைக் கூப்பிட்டோம். தலை சீவாமல் வந்து நின்றாள்.

"மாமா வீட்டுக்குப் போறியா, இங்கன இருக்கியா?"

"மாமா வீட்டுக்கு."

"ஏட்டி, ஏன்?" என்றேன் நான். அவளை நான் ஏட்டி என்று உரிமையாகக் கூப்பிட்டது அதுதான் முதல்.

"மாமா தூக்கி நாவப்பழம் பறிக்க விடுவாங்க. கதை சொல்லுவாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்து, விருந்தாளியிடம் சொல்லுகிற மரியாதையில்: "லீவு கிடைச்சா நீங்களும் வாங்க அண்ணாச்சி."

எட்டரை பஸ்.

20-8-61, ஞாயிறு

லேசான சாரல். அரை நாள் லீவு. சீசன் ஞாயிற்றுக்கிழமை நான் லீவு எடுப்பது இதுதான் முதல், மேலதிகாரி ஒரு மாதிரி பார்த்தார்.

பெட்டி நானே அடுக்கினேன். பாவாடை நாலு (ஊதா, மஞ்சள், சிவப்பில் வெள்ளைப் பூ, பழுப்பு). சட்டை ஐந்து, ஒன்றில் பொத்தான் இல்லை, தைத்தேன். சிலேட்டு. ரிப்பன் இரண்டு. பொம்மை. லட்சுமியின் சின்னக் குங்குமச் சிமிழ், துணிக்கு அடியில்.

சங்கரலிங்கமும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். அவன் நல்லவன். அவன் மேல் எனக்கு வருத்தம் கிடையாது, கிடையாது. கிடையாது என்று இரண்டு தடவை எழுதினால் கொஞ்சம் இருக்கிறது என்று அர்த்தம். "அத்தான், நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதிய. இந்தா இருக்கு இலத்தூரு. எப்ப வேணும்னாலும் வாங்க" என்றான்.

பஸ் ஸ்டாண்டு வரை போனேன். பஸ்ஸில் ஏற்றி விடலாம் என்று குனிந்தேன். அதற்குள் அவன் தூக்கி ஏற்றிவிட்டான், பழகிய கை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "போயிட்டு வாரேன் அண்ணாச்சி. சாரல்ல நனையாதிய" என்றாள். செண்பகம் தினமும் என்னிடம் சொல்லுகிற வார்த்தை அது.

பஸ் திரும்பிய பிறகு குடையை விரித்தேன்.

27-8-61, ஞாயிறு

வெயில். மத்தியானத்துக்கு மேல் இன்னொருத்தரைக் கொட்டகையில் உட்கார வைத்துவிட்டு இலத்தூர். கொய்யாப்பழம் ஒரு டஜன். (கொய்யா பிடிக்கும், விசாரித்துவிட்டேன்.)

வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்டியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும், "அத்தை, அண்ணாச்சி வந்திருக்காங்க" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு மறுபடி ஆடினாள். பக்கத்தில் நின்று ஆட்டிவிட்டேன். "இன்னும் வேகமா" என்றாள். ஆட்டினேன். சிரித்தாள், அந்தப் பல் இடைவெளி தெரிய. சங்கரலிங்கம் தூரத்தில் கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தான்.

இனி எழுதுவது அப்படியே நடந்தது.

கை நழுவி விழுந்தாள். முழங்கால் சிராய்த்து ரத்தம். எழுந்து நின்றாள். நான் இரண்டு எட்டுத் தள்ளி. உதடு பிதுங்குகிறது, கண் நிறைகிறது, நேரே என்னைத்தான் பார்க்கிறாள். ஒரு நிமிஷம், என்னைத்தான். கையை நீட்டினேன். நீட்டுகிறபோதே, பாழாய்ப்போன பழக்கம், பெரியவர் யாரும் பார்க்கிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். அப்பா தென்காசியில். அங்கே ஒருத்தரும் இல்லை. சுவரும் சாணி உருண்டையும்தான் இருந்தன.

திரும்புவதற்குள் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடிவிட்டாள். "மாமா! மாமா!" கிணற்றடி வரை அழுதுகொண்டே ஓடினாள். அவள் அழுகிற சத்தத்தை இன்றுதான் காது கொடுத்துக் கேட்கிறேன். லட்சுமி அழுகிற மாதிரியே, நடுவில் மூச்சு இழுத்து.

ஆறு மணி பஸ். உட்கார இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

28-8-61, திங்கள்

வெயில். அருவி நூலாகிவிட்டது, கூட்டம் இல்லை. இந்த வாரத்தோடு கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள்.

ரிஜிஸ்டரை எடுத்தேன். ஜூலை 30, வரிசை எண் ஏழு. காலியாக விட்ட கட்டத்தில் 'மாமா' என்று எழுதினேன்.

பதினோரு மணிக்கு ஒருத்தர் ஓடி வந்தார். நனைந்த தலை, மகளைக் காணோம், நாலு வயசு. என்ன சட்டை என்று கேட்டேன். வாயைத் திறந்தார், மூடினார். தெரியவில்லை. நான் ஏசப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கையைக் கட்டிக்கொண்டார்.

"தெரியாட்டா பரவாயில்ல அண்ணாச்சி. இங்கன உக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினேன். மைக்கில் பேரை மட்டும் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன்.